படத்தின் இடது ஓரம்

போன மாதம் என் மச்சான் வீட்டு விருந்தில், பிரியாணி தம் உடைப்பதற்குள் ஒரு சண்டை வந்துவிட்டது. சண்டை போட்டவன் நான்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பரங்கிப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு அடுத்தபடியாக அவருக்கு உயிர் ரயில். அன்று காலை கிள்ளைப் பக்கம் போய்ப் புது போனில் எடுத்து வந்த ரயில் படத்தை என்னிடம் காட்டினார்.

"பாருங்க மச்சான், எப்புடி வந்திருக்கு. இந்த ஆளு ஒருத்தருதான் எடஞ்சலு" என்று சொல்லிக்கொண்டே, கேட் ஓரத்தில் கொடியோடு நின்ற கேட் கீப்பரின் மேல் விரலால் ஒரு தடவு தடவினார். ஆள் மறைந்துபோனார். அவர் நின்ற இடத்தில் புல் இருந்தது.

"திரும்பக் கொண்டா" என்றேன்.

"எத மச்சான்?"

"அந்த ஆளத்தான். மொதல்ல அவரத் திரும்பக் கொண்டா!"

என் குரல் எனக்கே அதிகமாகப் பட்டது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். மச்சான் ஏதோ ஓர் அம்புக்குறியை அமுக்கினார். கேட் கீப்பர் மறுபடியும் வந்து நின்றார். "ஒரு போட்டோவுக்குப் போயி இன்னா மச்சான் இது?" என்று கேட்ட மச்சானின் முகம் வாடிவிட்டது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? விருந்து வீட்டில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார். மன்னிப்புக் கேட்டதாகவும் இருக்கட்டும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கடலூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் புகைப்படக்காரனாக இருந்தேன். அதற்கு முன்னால் சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோ. அண்ணாமலை நகர் மாணவர்களின் பட்டமளிப்புப் படங்களைக் கழுவிக் காயப்போட்டே தொழிலைக் கற்றுக்கொண்டேன். கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய காகிதம், பின்னால் நீலத் திரை. ஆயிரம் முகத்துக்கும் ஒரே திரைதான். அதனால் பத்திரிகை வேலைக்கு வந்தபோது, படத்துக்குப் பின்னால் ஓர் உலகம் இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் ஜெயசீலன் சார்.

அவர் எங்கள் புகைப்படப் பிரிவின் தலைவர். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவர், நான், ஓர் இரும்பு பீரோ, அவ்வளவுதான். சார் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று நினைத்த நாட்கள் உண்டு. படத்தை மேசையில் வைப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். ஆள்காட்டி விரலைப் படத்தின் இடது மேல் மூலையில் வைத்து, வயலில் வரப்பு வரப்பாக நடப்பதுபோல மெதுவாக நகர்த்துவார். எங்காவது விரல் நிற்கும். "இது இங்க எதுக்கு பாய்?" என்பார். காரணம் சொன்னால் விரல் நகரும். சொல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். டீ வரும், டீ ஆறும், விரல் நகராது.

மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்து, முதல் ரயில் வந்தபோது என்னைத்தான் அனுப்பினார்கள். மாலை போட்ட இன்ஜினை நடைமேடையில் நின்று எடுத்துக்கொண்டு பெருமையோடு திரும்பினேன். சாரின் விரல் ஏழு இடத்தில் நின்றது. ஒரு குடை. ஒரு டீ கேன். யாரோ ஒரு கட்சிக்காரரின் தலையில் பாதி. இன்ஜினின் உச்சியிலிருந்து கொம்பு முளைத்த மாதிரி ஒரு விளக்குக் கம்பம். கடைசியில் விரலை எடுத்துவிட்டு, நிஜமாகவே தேடுகிறவர்போல, "இதுல ரயில் எங்க பாய்?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவரே என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆலப்பாக்கம் போனார். ரயில் வர முக்கால் மணி நேரம் இருந்தது. காமிராவைத் தொடவிடவில்லை. "ரயில எடுக்காத. மொதல்ல எடத்த எடு. எடம் சரியா இருந்தா ரயில் தானா வந்து அதுல உக்காரும்" என்றார். வேலிக்கு வெளியே ஒவ்வோர் இடமாக நிற்கவைத்து என்ன தெரிகிறது என்று கேட்டார். நேர்ப் பாதையில் இன்ஜின் முகம் மட்டும்தான் தெரியும், வளைவில் நின்றால் பெட்டிகள் எல்லாம் பின்னாலேயே வரும். நின்றபடி எடுத்தால் ரயில் குட்டை, முழங்காலளவு குனிந்தால் அதுவே மலை. வெயில் உன் முதுகில் இருக்கட்டும். ரயிலுக்கு முன்னால் இடம் விடு, அதற்குப் போக வழி வேண்டாமா? கம்பம் இன்ஜின் தலைமேல் வரும் நொடியில் அமுக்காதே, தாண்ட விடு. இவ்வளவும் அன்று ஒரே காலையில் சொன்னது. எனக்கு மனசில் பதியப் பத்து வருஷம் ஆனது.

பதிந்த பிறகு அதுவே பைத்தியமாகிவிட்டது. ஊர்வலம், விபத்து, வெள்ளம் என்று வேலை ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நேரம் கிடைத்தால் வெள்ளாற்றுப் பாலத்தடியில் நிற்பேன். குப்பைத்தொட்டி வராமல், விளம்பரத் தட்டி வராமல், ஆட்கள் வராமல் எடுப்பேன். சாரின் விரல் எங்கேயும் நிற்கக் கூடாது என்பதே குறி. யார் படத்துக்குள் வந்தாலும், "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்வது வாய்ப் பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவையே தள்ளி நிற்கச் சொன்னவன் நான்.

ஓய்வு பெற நான்கு வருஷம் இருந்தபோது பொங்கல் சிறப்பிதழுக்கு ஒரு படம் கேட்டார்கள். பச்சை வயலுக்கு நடுவே ரயில், முழுப் பக்கம். நான் தேர்ந்தெடுத்தது கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு கேட். அங்கே பாதை லேசாக வளைகிறது. கிழக்குப் பக்க வரப்பில் நின்றால் காலை வெயில் முதுகில் விழும். கடலூரிலிருந்து வரும் ரயில் வலமிருந்து இடமாகப் போகும். இடது ஓரத்தில் சின்னதாக மஞ்சள் வண்ணத்தில் கேட் அறை. இடம் சரியாக இருந்தது.

அந்த கேட்டில் வேலை பார்த்தவர் மலர்க்கொடி. கணவர் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து இறந்துபோனார். அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. இரண்டு பெண் பிள்ளைகள். மார்கழிப் பனியில் சேற்றில் நின்றவனைப் பார்த்து, முதல் நாளே ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னை அண்ணா என்றார், நானும் தங்கச்சி என்றேன். போனில் தகவல் வந்ததும் கேட்டை மூடிவிட்டு எனக்கும் ஒரு குரல் கொடுப்பார்.

"அண்ணா, வெள்ளாத்துப் பாலம் தாண்டிடுச்சு. ரெடியா இருங்க."

ரயில் வரும்போது அவர் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அறைக்கு முன்னால், பாதையைப் பார்த்தபடி, கையில் கொடிகளோடு. ரயிலின் சக்கரத்தில் புகை வருகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா என்று கடைசிப் பெட்டி போகும்வரை பார்க்க வேண்டும். பார்த்தால் சிவப்பைக் காட்டி நிறுத்த வேண்டும். இதையெல்லாம் அவரே எனக்குச் சொன்னார். "சும்மா கொடி புடிக்கிற வேலன்னு நெனைக்காதீங்கண்ணா" என்று சிரித்தார்.

முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் ரயில் வரும் நேரத்துக்குச் சரியாக ஒரு வைக்கோல் லாரி கேட்டில் வந்து நின்றது. மூன்றாம் நாள் எல்லாம் கூடி வந்தது. இரவு மழை பெய்து விட்டிருந்தது. நெற்பயிர் மினுங்கியது. வரப்பில் கொக்குகள்கூட எனக்காகவே உட்கார்ந்திருந்தன. வெளிச்சம் பார்க்க ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் மலர்க்கொடி. சேலைக்கு மேல் அந்த ஆரஞ்சு மேல்சட்டை, பச்சைக்கு நடுவே கண்ணைக் குத்தியது. சாரின் விரல் அங்கே வந்து நிற்பதை என்னால் பார்க்க முடிந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளிக்கயேன். அறைக்குப் பின்னால மறைஞ்சுக்க."

"வண்டி வருதுண்ணா. நான் நிக்கணும்."

"அஞ்சே செகண்டு. இன்ஜின் தாண்டுன ஒடனே வந்துடு. மூணு நாளா நிக்கிறேன் பாரு."

அவர் பாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்ஜினின் ஒலி வளைவில் கேட்டது. சட்டென்று அறைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். நான் அமுக்கினேன்.

அந்தப் படம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக வந்தது. ஜெயசீலன் சாரின் விரல் இடது மேல் மூலையில் கிளம்பி வலது கீழ் மூலைவரை நிற்காமல் போய்ச் சேர்ந்தது. என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கண்ணாடியை இறக்கிவிட்டு, "கேக்க ஒண்ணும் இல்ல பாய்" என்றார். அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

பொங்கல் முடிந்த வாரம் மலர்க்கொடி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்காக மடித்த அந்தப் பக்கம். படத்தைப் பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணா, இந்தப் படத்துல எங்கனா ஒரு ஓரமா நான் தெரியுறனா பாருங்களேன்."

நடந்தது இதுதான். அன்று அந்த இன்ஜினில் ஆய்வுக்காக ஓர் அதிகாரி வந்திருக்கிறார். கேட்டில் ஆள் இல்லை என்று குறித்துக்கொண்டார். விசாரணையில் மலர்க்கொடி பயந்துபோய், நின்றேன் என்று சொல்லிவிட்டார். கடைசிப் பெட்டியில் இருந்த கார்டும், நான் பார்த்தேன், கொடி காட்டினார் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். இன்ஜின் தாண்டியதும் ஓடிவந்து நின்றுவிட்டாரே! ஆனால் யாரோ, படத்தின் கீழே எடுத்த தேதியும் போட்டிருந்த எங்கள் பொங்கல் சிறப்பிதழை எடுத்து மேசையில் விரித்துவிட்டார்கள். இன்ஜின் இருக்கிறது, கேட் அறை இருக்கிறது, அவர் நிற்க வேண்டிய இடம் பளிச்சென்று காலியாக இருக்கிறது. இப்போது கேட்டில் இல்லாதது ஒரு குற்றம், பொய் சொன்னது இன்னொரு குற்றம். கார்டும் சேர்ந்து பொய் சொல்கிறார் என்று பேச்சு. அடுத்த வாரம் சிதம்பரத்தில் மறு விசாரணை. வேலை போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்களாம்.

"நான் சொல்லித்தான் தள்ளி நின்னதா சொல்ல வேண்டியதுதானே தங்கச்சி?"

"போட்டோ புடிக்கிறவரு சொன்னாருன்னு எடத்த விட்டுப் போனியான்னு கேட்டா நான் இன்னாண்ணா சொல்லுவேன்? அது இன்னும் அசிங்கம். உங்களுக்கும் பிரச்சனை. அதான் படத்துல எங்கனா கையாவது தெரியுதான்னு..."

நான் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கம்ப்யூட்டரில் அன்று எடுத்த அத்தனை படங்களையும் திறந்தேன். பதினான்கு இருந்தன. முதல் படத்தில், ரயில் வருவதற்கு முன், மலர்க்கொடி நிற்கிறார். நடுவில் எதிலும் இல்லை. கடைசிப் படத்தில் ரயிலின் வால் போய்க்கொண்டிருக்க, அறை ஓரத்திலிருந்து பாதி உடம்பு வெளியே வந்திருக்கிறது. கொடி பிடித்த கை முன்னால் நீண்டிருக்கிறது. ஒரு செருப்பு பின்னால் சேற்றில் கிடக்கிறது.

பக்கம் வடிவமைக்கும் குமரன் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். "இதுக்கா இவ்ளோ யோசன? அஞ்சு நிமிச வேல பாய். மொதப் படத்துல இருக்குற அந்தம்மாவ வெட்டி இன்ஜின் வர்ற படத்துல நிக்க வெச்சிடலாம். பேப்பர்ல வந்தப்ப நாங்கதான் ஆள அழிச்சிட்டோம், ஒரிஜினல் இதுன்னு குடுத்துடுங்க. ஒருத்தனும் கண்டுபுடிக்க முடியாது."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. குமரன் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திரையில் ரயில் வந்தது, மலர்க்கொடி கொடியோடு நின்றார். அப்போதுதான் ஒன்று என் கண்ணில் பட்டது. படம் முன்னைவிட நன்றாக இருந்தது. வெறுமனே போய்க்கொண்டிருந்த ரயில், இப்போது ஒருவரிடம் வந்துகொண்டிருந்தது. ரயிலுக்கு முன்னால் நான் விட்டிருந்த இடத்துக்கு அந்த ஆரஞ்சுச் சட்டையால் ஓர் அர்த்தம் வந்துவிட்டது. கண்ணைக் குத்துகிறது என்று நான் விரட்டியதுதான் படத்தின் உயிர். இத்தனை வருஷம் தொழில் செய்து இதுகூடத் தெரியவில்லையே என்று நொந்துபோனேன்.

ஜெயசீலன் சார் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. விரல் திரையில் மலர்க்கொடியின் மேல் நின்றது.

"இவுங்க இங்க எதுக்கு பாய்? அன்னைக்கு இல்லியே."

எல்லாவற்றையும் சொன்னேன். குமரன் நைசாக நழுவிவிட்டார். சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பொய்ப் படம். இதக் குடுத்து மாட்டுனா அந்தம்மா பொய்யி ரெண்டாயிடும். அழிச்சிடு."

"வேற வழி இல்லையே சார்."

"நெஜமான படம் பதினாலு இருக்கே. நீ போயி சொல்லு. ஏன் தள்ளச் சொன்னன்னு கேப்பாங்க. அது நான் சொல்லிக்குடுத்தது. அதனால நானும் வரேன்" என்றார்.

அவர் ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. ரயில்வே ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக என்மேல் வழக்கே போடலாம், அலுவலகம் என்னை வீட்டுக்கு அனுப்பலாம், சொல்லிக்கொடுத்த குற்றத்துக்கு அவரையும் சேர்த்துக் கேட்கலாம். எல்லாம் தெரிந்துதான் வந்தார். பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேரும்வரை மழையைப் பற்றி மட்டுமே பேசினார்.

ஸ்டேஷன் அறையில் விசாரணை அதிகாரி எதிரே மலர்க்கொடி நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. பதினான்கு படங்களையும், எடுத்த நேரத்தோடு, வரிசையாக மேசையில் வைத்தேன். "இவங்க இடத்துலதான் இருந்தாங்க. படத்துக்காக நான்தான் மறையச் சொன்னேன். இன்ஜின் தாண்டுனதும் ஓடி வந்துட்டாங்க, கார்டு சொன்னது உண்மை" என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி கடைசிப் படத்தை எடுத்துச் சேற்றில் கிடந்த செருப்பை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மலர்க்கொடியிடம் திரும்பினார்.

"யாரோ ஒருத்தர் சொன்னா நீங்க ஏம்மா கேட்டீங்க?"

"மூணு நாளா சேத்துல நின்னாரு சார். பாவமா இருந்துச்சு."

ஜெயசீலன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலர்க்கொடிக்கு வேலை போகவில்லை. எழுத்தில் கண்டித்து, ஆலப்பாக்கம் பக்கம் வேறு கேட்டுக்கு மாற்றினார்கள். தினமும் விடியற்காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு ரயிலேற வேண்டிய தூரம். அதற்குக் காரணம் நான். ரயில்வே இடங்களில் படம் எடுக்க எனக்கு ஒரு வருஷம் தடை. அலுவலகத்தில் ஒரு கடுமையான கடிதம். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை, அல்லாஹ்வுக்கு நன்றி.

தடை முடிந்த மறுநாள் ஆலப்பாக்கம் போனேன். மலர்க்கொடி என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். கோபத்தை எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

"மறுபடியும் காமிராவத் தூக்கிட்டு வந்துட்டீங்களாண்ணா?"

"ஒன்ன ஒரு படம் எடுக்கணும் தங்கச்சி. ரயிலோட."

கேட்டை மூடினார். கொடிகளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து நின்றார். நான் வேலிக்கு வெளியே இடம் தேடினேன். எங்கே நின்றாலும் ஏதோ ஒன்று மறைத்தது. ஒரு பக்கம் முள்மரம், ஒரு பக்கம் கம்பம், நேராகப் பார்த்தால் வெயில் கண்ணில் அடித்தது. ரயில் வரும் ஒலி கேட்க ஆரம்பித்தது. நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அவரே குரல் கொடுத்தார்.

"அண்ணா, நான் எங்க நிக்கட்டும்? இங்க வரட்டுமா?"

"வேணாம்மா. நீ அங்கயே நில்லு. நான் நவுந்துக்கிறேன்."

வாய்க்காலில் இறங்கினேன். முழங்கால்வரை தண்ணீர்.